ஏழாம் எண்ணின் முகம்

அலாரம் அடிப்பதற்கு முன்பே அவன் விழித்துக்கொண்டான். அது அடிக்கும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்; அடித்ததும் அணைத்தான். பல் தேய்த்தான். பால் பொங்குமுன் அடுப்பைச் சிறிதாக்கினான். ரொட்டி இரண்டு துண்டு, நின்றபடியே. குளித்தான். கொடியில் கிடந்த சட்டையை உதறிப் போட்டுக்கொண்டான். அலமாரிமேல் இருந்த கண்ணாடியை எடுத்து மாட்டினான். இரண்டு வில்லைகளிலும் பிசுக்கு ஏறி, அறையே புகைமூட்டம் போட்டதுபோல் தெரிந்தது. அந்த மூட்டத்தின் வழியாகவே செருப்பைத் தேடினான். கதவைப் பூட்டினான். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். படியிறங்கினான்.

மூன்று மாதமாக எல்லாக் காலையும் இப்படித்தான். இன்றைக்கு ஒரு வித்தியாசம். இன்று மாலைக்குள் அவன் தன் மனைவியின் முகத்தை எடுத்தாக வேண்டும். அதற்குள் மாமியார் வந்து அதைப் பார்த்தாக வேண்டும்.

எல்லாம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காததால் வந்த வினை. ஞாயிறுதோறும் மாமியார் போன் செய்வார். சாப்டீங்களா மாப்ளை என்பார். சாப்டேன் அத்தை என்பான். அதோடு இருவரிடமும் சரக்கு தீர்ந்துவிடும். வைத்துவிடவும் மனம் வராது. இருவரும் அடுத்தவர் மூச்சைக் கேட்டபடி போனைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். போன ஞாயிறு அந்த மௌனத்தில் எதையாவது போட்டு அடைக்க வேண்டுமே என்று வேலையைப் பற்றிச் சொன்னான்.

"செவ்வாக்கிழமைக்குள்ள எல்லாப் படத்தையும் வெளிய அனுப்பணும் அத்தை. மத்த ஊர் ஆராய்ச்சிக்காரங்க எல்லாரும் எடுத்துப் பாக்கற மாதிரி ஒரு பொது இடம் இருக்கு. அதுல போடறதுக்கு முன்னாடி முகத்தை எடுக்கணும்."

"யார் முகத்தை?"

"ஸ்கேன் எடுத்துக்கிட்ட எல்லாரோட முகத்தையும்."

"எம் பொண்ணும் வந்து எடுத்துக்கிட்டாளே."

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அப்ப அவ முகம் உங்க ஆபீஸ்ல இருக்கா?"

"இருக்கு."

"செவ்வாக்கிழமைக்கு அப்புறம்?"

"இருக்காது அத்தை."

மறுமுனையில் காகிதமும் பேனாவும் தேடும் சத்தம் கேட்டது. பிறகு, "எத்தனை மணிக்கு வரணும், சொல்லுங்க," என்றார்.

அவன் வேலை செய்யும் இடம் ஒரு மருத்துவமனையின் நிலவறை. மேலே நோயாளிகள், கீழே ஆராய்ச்சி. நீளமான நடைக்கூடத்தின் கோடியில் கனத்த கதவு. அதற்கு அப்பால் ஸ்கேனர், இப்பால் கண்ணாடித் தடுப்பு போட்ட சிறிய அறை. அந்தச் சிறிய அறையில்தான் அவன் மேசை. சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் ராப்பகலாக மூச்சு வாங்கும். பழகிவிட்டால் காதில் விழாது. அவனுக்கு விழுவதில்லை.

அவர்கள் தேடியது வாயை. மூளையின் மேல்தளத்தில், காதுக்கு மேலே ஏறி உச்சிவரை போகும் ஒரு பட்டை இருக்கிறது. உடம்பின் எந்த உறுப்பு அசைய வேண்டுமானாலும் அங்கிருந்துதான் உத்தரவு கிளம்பும். முதுகு முழுவதற்கும் அதில் கடுகளவு இடம். வாய்க்கோ உள்ளங்கையில் பாதி. மனிதன் முதுகால் எதையும் சாதித்ததில்லை, வாயால்தான் எல்லாவற்றையும் செய்து வைத்திருக்கிறான் என்பார் ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியை. அந்த இடத்துக்குள்ளேயே உதடு எங்கே, நாக்கு எங்கே, தாடை எங்கே என்று எல்லை பிரிப்பதுதான் ஆராய்ச்சி. நல்ல தேகாரோக்கியமுள்ள ஆட்களைக் குழாய்க்குள் படுக்கவைத்து, உதட்டைக் குவியுங்கள், விடுங்கள், நாக்கை இடம் வலம் ஆட்டுங்கள், விடுங்கள், பல்லைக் கடியுங்கள், விடுங்கள் என்று திரையில் படம் காட்டுவார்கள். எந்த இடத்துக்கு ரத்தம் அதிகம் போகிறதோ அது ஆரஞ்சு நிறத்தில் தெரியும். அவ்வளவுதான்.

ஒரே ஒரு கட்டுப்பாடு. பேசக்கூடாது. பேசினால் தலை அசையும். தலை அசைந்தால் படம் கெடும்.

கதவைத் திறந்ததும் ஸ்கேனரை இயக்குபவர் திரும்பிப் பார்த்தார். ஒருமுறை அவர் சட்டைப்பையிலிருந்த சாவிக்கொத்து பறந்துபோய் ஸ்கேனரின் வயிற்றில் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அவர் பெயர் காந்தம். வயது ஐம்பதுக்கு மேல். எல்லாவற்றுக்கும் ஒரு நக்கல் வைத்திருப்பார். அவன் முன்னால் மட்டும் மூன்று மாதமாக அதை அடக்கி வாசிக்கிறார்.

"எத்தனை முடிஞ்சுது?" என்றார்.

"நேத்தே முடிச்சுட்டேன். ஏழு மட்டும் பாக்கி."

ஏழு என்பது அவள். ஆராய்ச்சியில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். ஏழாவதாக வரவேண்டியவர் கடைசி நேரத்தில் பயந்து கையை விரித்துவிட்டார். ஸ்கேனர் நேரம் வீணாகிறதே என்று அவன் தன் மனைவிக்குப் போன் செய்தான். பக்கத்துத் தெரு மூக்குக்கண்ணாடிக் கடையில்தான் அவளுக்கு வேலை. மதிய இடைவேளையில் வந்துவிட்டாள்.

"வாயை அசைக்கணும், ஆனா பேசக்கூடாது. இதுக்கு ஊர்ல வேற ஆளே கிடைக்கலியா உனக்கு?" என்றாள் வந்ததும்.

கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொன்னான். கழற்றிவிட்டு அவனைச் சுருங்கிய கண்களால் பார்த்தாள். "இப்பதான் நீ கொஞ்சம் பாக்கற மாதிரி இருக்க." காந்தம் சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்தியது.

குழாய்க்குள் போனாள். ஹெட்போன், தலையின் இருபக்கமும் பஞ்சுத் திண்டு, முகத்துக்கு மேல் கூண்டு. முதல் சுற்று பிசகில்லை. இரண்டாவது அதைவிடச் சுத்தம். மூன்றாவது சுற்று பாதியில் மைக்கில் அவள் குரல் வந்தது. "மூக்கு அரிக்குது. யாராவது புண்ணியவான் வந்து சொறிஞ்சு விடுங்களேன்." மூன்றாவது சுற்று குட்டிச்சுவர். இருந்தாலும் முதல் இரண்டே போதும் என்றார் பேராசிரியை. இருபத்துச் சொச்சம் பேரில் அவளுடையதுதான் எல்லாவற்றிலும் தெளிவு. உதடு மேலே, நாக்கு கீழே, நடுவில் தாடை, வரப்பு போட்ட வயல் மாதிரி. கூட்டங்களில் காட்டுவதற்கு எப்போதும் ஏழாம் எண்ணைத்தான் எடுத்துப்போவார்கள். இப்போதும்.

வெளியே வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் கேட்டாள், "என் மூஞ்சி இதுல தெரியுமா?"

"தெரியும். அப்புறம் எடுத்துடுவோம்."

"ஒழுங்கா எடுத்துடு. கூண்டுக்குள்ள மூக்கு அமுங்கிப் போயிருக்கும். நாளைக்கு எவனாவது பாத்துட்டு, கண்ணாடி விக்கற மூஞ்சியாடி இதுன்னு கேப்பான்."

முகத்தை எடுப்பதென்பது இதுதான். தலையை ஸ்கேன் செய்தால் மூளை மட்டும் வராது. தோலும் சேர்ந்தே வரும். கம்ப்யூட்டரில் திருப்பி வைத்தால் ஆள் இன்னார் என்று கண்டுபிடித்துவிடலாம். அதனால் வெளியே அனுப்புமுன் கண்ணுக்குக் கீழே, காதுக்கு முன்னால் இருப்பதையெல்லாம் ஒரு புரோகிராம் வெட்டி எறிந்துவிடும். மூக்கு, கன்னம், உதடு, முகவாய் எல்லாம். வாயைப் பற்றிய ஆராய்ச்சியில் கடைசியாக மிஞ்சுவது வாய் இல்லாத தலைகள்தான். அதோடு மூலப் படங்களையும் எல்லா இடத்திலிருந்தும் அழித்துவிட வேண்டும். வந்தவர்கள் எல்லாருக்கும் கொடுத்த வாக்கு அது. அந்தப் புரோகிராமை எழுதியது அவன்தான்.

போன வாரம் பேராசிரியை அவனைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏழாம் நம்பரை வேணா விட்டுடலாம்பா. ஒண்ணு குறைஞ்சா ஒண்ணும் ஆகாது."

"விட்டா என்ன ஆகும் மேடம்?"

"முழுசா அழிச்சுடணும்."

"அனுப்பினா?"

"முகம் மட்டும் போகும்."

எப்படிப் பார்த்தாலும் முகம் போகும். அவன் அனுப்பலாம் என்றான். வேறு யாரையாவது செய்யச் சொல்லட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றான். ஏன் வேண்டாம் என்றான் என்று அவனுக்கே தெரியவில்லை. அந்த மூன்று மாதத்தில் வேண்டும், வேண்டாம் என்று சொன்ன எதற்கும் அவனிடம் காரணம் இருந்ததில்லை.

மாமியார் மதியத்துக்கு முன்பே வந்துவிட்டார். கையில் ஒரு துணிப்பை. சின்னக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகம் நடத்துகிறவர். யாரைப் பார்த்தாலும் முதலில் கை சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பார். வாசலில் காந்தம் வழிமறித்தார்.

"அம்மா, காது கழுத்துல ஏதாவது இருக்கா?"

"காதும் இருக்கு, கழுத்தும் இருக்கு. உள்ள விடுங்க."

"அதில்லம்மா, நகை, ஊசி..."

"அந்தப் பெரிய மெஷின்கிட்ட நான் போகப்போறதில்லையே? எம் பொண்ணு சொல்லியிருக்கா. உங்க சாவிதானே பறந்துது?"

காந்தம் ஒதுங்கி வழிவிட்டார்.

அவன் தன் நாற்காலியை இழுத்துப் போட்டான். மாமியார் உட்கார்ந்து அறையை ஒரு சுற்று பார்த்தார். திரைகள், தரையில் ஓடும் கம்பிகள், தடுப்புக்கு அப்பால் வாயைத் திறந்துகொண்டு நிற்கும் வெள்ளைக் குழாய்.

"இதுக்குள்ளதான் படுத்தாளா?"

"ஆமா அத்தை."

"பயந்தாளா?"

"இல்ல. மூக்கு அரிக்குதுன்னா."

மாமியாரின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்து நின்றது. பிறகு மூன்று மாதமாக அவர் கேட்பார் கேட்பார் என்று அவன் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. குழந்தையிடம் எங்கே விழுந்தாய் என்று கேட்பதுபோல் கேட்டார்.

"தலைக்குள்ள இவ்வளவு நுணுக்கமா பாத்திருக்கீங்க. அந்த ரத்தக்குழாய் வெடிக்கப்போறது தெரியலயா மாப்ளை?"

"இந்தப் படத்துல ரத்தக்குழாய் தெரியாது அத்தை. அதுக்கு வேற மாதிரி எடுக்கணும்." விசைப்பலகையை நேராக நகர்த்தி வைத்தான். "அவ போனப்புறம் மேல படம் பாக்கற டாக்டர்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொண்ணா பாத்தாரு. இதுல ஒண்ணும் இல்லப்பா, தெரியவும் தெரியாதுன்னுட்டாரு."

"நீங்க பாக்கலயா?"

"நாங்க வாய் எங்கன்னு மட்டும்தான் பாத்தோம்."

மாமியார் தலையாட்டினார். கோபமில்லை. கோபப்பட்டால்கூடத் தேவலாம் என்றிருந்தது அவனுக்கு. கோபப்படுகிறவர் எதிரில் நிற்பதற்கு ஒரு முறை இருக்கிறது. தலையாட்டுகிறவர் எதிரில் கையை எங்கே வைத்துக்கொள்வது?

"சரி, காட்டுங்க," என்றார்.

ஃபைலைத் திறந்தான். முதலில் சாம்பல் நிறத் துண்டுகள். பிறகு பொத்தானைத் தட்டியதும் துண்டுகள் ஒன்றுசேர்ந்து திரையின் நடுவில் ஒரு தலை திரண்டது. மெல்லத் திருப்பி எதிர்முகமாக நிறுத்தினான்.

முடி கிடையாது, ஸ்கேனில் முடி வராது. புருவமும் இல்லை. கண்கள் மூடியிருந்தன. ஹெட்போன் அழுத்தி இரண்டு காதும் கன்னத்தோடு ஒட்டியிருந்தன. மூக்கு நுனி அமுங்கியிருந்தது. ஈரக் களிமண்ணில் பிசைந்து வைத்ததுபோல் ஒரு சாம்பல் முகம்.

மாமியார் முன்னால் குனிந்தார். பின்னால் சாய்ந்தார். மறுபடி குனிந்தார்.

"இது யாரு?"

"அவதான் அத்தை."

"இது அவங்கப்பா. டைபாய்டுல முடியெல்லாம் கொட்டினப்ப இப்படித்தான் இருந்தாரு." கொஞ்ச நேரம் பார்த்தார். "வாயை மூடிட்டு வேற இருக்கா. எம் பொண்ணு தூக்கத்துலகூட வாயை மூடினது கிடையாது."

"ஸ்கேன்ல மூடிட்டு இருக்கணும் அத்தை."

"மூணு வயசு வரைக்கும் பேசவே இல்ல தெரியுமா? டாக்டர் டாக்டரா தூக்கிட்டு அலைஞ்சேன். நாக்கைப் பாத்தாங்க, காதைப் பாத்தாங்க. ஒருநாள் ஊட்டிட்டு இருக்கும்போது தட்டைத் தள்ளிவிட்டுட்டு, போதும்னா. அதான் முதல் பேச்சு. தெளிவா சொன்னா. போதும்னு சொன்னாளே தவிர அதுக்கப்புறம் நிறுத்தவே இல்ல." பார்வை திரையிலேயே இருந்தது. "கொஞ்சம் திருப்புங்க."

திருப்பினான்.

"அந்தப் பக்கம்."

திருப்பினான். பக்கவாட்டில் முகவாய் மட்டும் அவளுடையதாகத் தெரிந்தது அவனுக்கு. மாமியாருக்கு அதுவும் பிடிபடவில்லை.

"கண்ணாடி இல்லாததாலதான் அடையாளம் தெரியல. ரெண்டாம் கிளாஸ்லேந்து கண்ணாடி. அது இல்லாம அவளை நான் எப்ப பாத்தேன்? இதுக்கு ஒரு கண்ணாடி போட முடியாதா?"

"முடியாது அத்தை."

"கம்ப்யூட்டர்ல முடியாதது உண்டா?"

"இதுல முடியாது."

மாமியார் யோசித்தார். தன் கண்ணாடியைக் கழற்றினார். தடித்த கறுப்புச் சட்டம். அவள்தான் கடையில் அம்மாவை உட்காரவைத்து, முகத்தைக் குடுங்க என்று தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. அதை விரித்து, இரண்டு கையாலும் பிடித்து, திரைமேல், அந்த மூடிய கண்களின்மேல் வைத்தார். கொஞ்சம் மேலே. கொஞ்சம் இடப்பக்கம். மூக்கின்மேல் சரியாக உட்கார்ந்தது.

"இப்ப இருக்காளா?"

அவன் பார்த்தான்.

"சொல்லுங்க மாப்ளை. இதைக் கழட்டினா எனக்கு ஒண்ணும் தெரியாது. வெள்ளையா என்னமோ தெரியுது. நீங்க பாத்துச் சொல்லுங்க."

இருந்தாள். கறுப்புச் சட்டத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு, விடுமுறை நாளில் படித்துக்கொண்டே தூங்கிப்போனவள் மாதிரி அவள்தான் இருந்தாள். அவன் தன் கண்ணாடியைக் கழற்றினான்.

"உங்களோடதை நீங்க போட்டுக்குங்க அத்தை. நான் இதை வைக்கறேன்."

மாமியார் மாட்டிக்கொண்டார். அவன் தன்னுடையதைத் திரைமேல் அதே இடத்தில் பிடித்தான். இப்போது அவனுக்கு எதிரில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை மட்டும் இருந்தது. பக்கத்தில் மாமியார் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. அது வெளியே வரவே இல்லை போலிருந்தது. கை வலித்தது, இறக்கவில்லை.

"ஆமா," என்றார் மாமியார் கடைசியில். "ஆமா, இவதான்."

காந்தம் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. தொண்டையைச் செருமினார். "மேடம் கேக்கறாங்கப்பா. நாலு மணிக்கு மூட்டை கட்டி அனுப்பணுமாம்." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் டீ குடிக்கப் போறேன். கேன்டீன்ல கூட்டமா இருக்கும், சீக்கிரம் வரமாட்டேன். மேசை டிராயர்ல ஒரு பென் டிரைவ் கிடக்கு. யாரோடதுன்னு எனக்குத் தெரியாது."

கதவு சாத்திக்கொண்டது.

மாமியாருக்குப் புரிந்துவிட்டது. பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தார். கேட்கவில்லை. கேட்டிருந்தால் செய்திருப்பானோ என்னமோ. டிராயர் அவன் முழங்கால் அளவில்தான் இருந்தது. அதைத் திறக்க ஒரு கை போதும். கை மேசைமேல், யாருடைய கையோ மாதிரி கிடந்தது. மூளையிலிருந்து உத்தரவு கிளம்பும், கை அசையும் என்று எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறான். உத்தரவு கிளம்பவில்லை. எடுத்துப்போய் என்ன செய்வது? ராத்திரி வீட்டில் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் பிடித்துக்கொண்டு, பார்க்கவும் முடியாமல் உட்கார்ந்திருப்பதா?

"அவ என்ன சொன்னா?" என்றார் மாமியார். "எடுத்துடுன்னாளா, வெச்சுக்கோன்னாளா?"

"ஒழுங்கா எடுத்துடுன்னா. மூக்கு நல்லா வரலன்னா."

மாமியார் திரையை இன்னொரு முறை பார்த்தார். கண்ணாடி இல்லாத அந்த முகம் மறுபடி யாரோவாக ஆகியிருந்தது.

"அப்ப எடுத்துடுங்க."

"நீங்க வெளிய இருங்க அத்தை."

"இருக்கட்டும். இருக்கேன்."

புரோகிராமை ஓடவிட்டான். ஒரு நிமிடம்கூட ஆகாத வேலை. திரையில் பச்சைக் கோடு ஒன்று நகர்ந்தது. கோடு நின்றதும் அதே தலை மறுபடி வந்தது. நெற்றி இருந்தது, உச்சி இருந்தது, பின்மண்டை இருந்தது. கண்ணுக்குக் கீழே சாய்வாக, கத்தியால் ஒட்டச் சீவி எடுத்ததுபோல் ஒன்றுமில்லை. அந்த வெட்டுக்குப் பின்னால், மூளையின் இருபக்கமும், அவள் உதடும் நாக்கும் தாடையும் ஆரஞ்சு நிறத்தில் அப்படியே எரிந்துகொண்டிருந்தன.

கீழே ஒரு கட்டம் கேட்டது: முகம் நீக்கப்பட்டதா? கண்ணால் பார்த்து உறுதி செய்யவும். புரோகிராம் பிசகிவிட்டால் மனிதக் கண் பிடிக்க வேண்டும் என்று அவனே வைத்த கேள்வி. மற்ற தலைகளுக்கெல்லாம் பார்க்கக்கூடச் செய்யாமல் தட்டிக்கொண்டே போயிருந்தான். இதற்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தான். ஆம் என்றான். மூலத்தை அழிக்கவா என்றது. ஆம் என்றான். மூன்றாவது சுற்றும் அதோடு போயிற்று. மூக்கு அரிக்கிறது என்று அவள் சொன்னபோது தலை அசைந்ததைக் காட்டும் ஆறு கோடுகள் ஒரு நொடி திரையில் குத்திட்டு நின்றன. பிறகு அவையும் இல்லை.

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் மூச்சு வாங்குவது, வெகுநாளுக்குப் பிறகு, அவன் காதில் விழுந்தது.

மாமியார் பையிலிருந்து டப்பா ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "ராத்திரிக்கு. சூடு பண்ணிச் சாப்பிடுங்க. அப்படியே தின்னு வைக்காதீங்க." எழுந்திருக்கவில்லை. "ஆஸ்பத்திரில அன்னிக்கு நீங்க சொன்னது பொய்தானே மாப்ளை?"

அவன் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவளை மேலே மூன்றாம் மாடியில் படுக்கவைத்திருந்த இரண்டு நாளில், அவன் ஒருத்தன் மட்டும் பக்கத்தில் இருந்த இரவு, ஒரு தடவை கண்ணைத் திறந்து அம்மா என்று சொன்னதாக மாமியாரிடம் சொல்லியிருந்தான். எல்லாரும் ஏதாவது சொன்னாளா, ஏதாவது சொன்னாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"நர்ஸ்கிட்ட கேட்டேன். கொண்டுவந்ததுலேந்து கண்ணே திறக்கலன்னுட்டா. பரவால்ல, நல்ல மனசுலதானே சொன்னீங்க. அம்மான்னு அவ என்னைக் கூப்பிட்டதே இல்ல. ஏய்ம்பா, இல்லன்னா காப்பகம் நடத்தறேன்ல, மேனேஜர்ம்பா." மாமியார் கைகளை மடியில் கோத்துக்கொண்டார். "அவ விழுந்து கிடந்ததை நான்தான் பாத்தேன். அவளுக்கு லீவு நாளாச்சே, ரெண்டு பேரும் கடைக்குப் போலாம்னு வந்தேன். கதவு பூட்டல. சமையல்கட்டுல கிடந்தா. மூச்சு இருந்துது. நானும் பேசிப் பேசிப் பாத்தேன், அவ பேசல. அப்ப காலைல உங்ககிட்ட பேசினதுதான் கடைசி. அதுக்கப்புறம் அவ யார்கிட்டயும் பேசல. போன்லகூட. அக்கம்பக்கம் எல்லாம் கேட்டுப் பாத்துட்டேன்."

"ஆமா."

"முதல்ல பேசினது என்கிட்ட இருக்கு. கடைசியா பேசினது உங்ககிட்ட இருக்கு. மூணு மாசமா போன் பண்றேன், நீங்களா சொல்லுவீங்கன்னு."

"அது ஒண்ணும் பெரிசா இல்ல அத்தை."

"பெரிசா யார் கேட்டா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மாமியார் எட்டி, குழந்தைக்கு மூக்குச் சிந்திவிடுகிறவர் சுபாவத்தோடு, அவன் கண்ணாடியைக் கழற்றினார். அப்போதுதான் அதைப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "அய்யய்ய, என்ன இது? இதை வெச்சுக்கிட்டா வேலை பாக்கறீங்க? கண்ணாடி விக்கறவ வீட்டுக்காரன்னு வெளிய சொல்லிக்க முடியுமா?" பையைத் துழாவிக் கைக்குட்டையை எடுத்தார். வில்லைமேல் வாயை வைத்து ஆவி ஊதப் போனார்.

"வேண்டாம் அத்தை." கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. "தொடைக்காதீங்க."

"ஏன்?"

அன்று காலை அவன் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவள் சமையல்கட்டிலிருந்து ஈரக் கையோடு வந்து, வாசலை மறித்துக்கொண்டு நின்று, அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவள் பக்கவாட்டில் நுழைந்து, சாயங்காலம் பாத்துக்கலாம் என்று படியிறங்கிப் போனான். அதை அப்படியே மாமியாரிடம் சொன்னான். மாமியார் கண்ணாடியை ஒரு கையிலும் கைக்குட்டையை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் முகம் அவனுக்குத் தெரியவில்லை. மங்கலாக ஏதோ ஒன்று அவன் பக்கம் சாய்ந்திருந்தது.

"என்ன சொன்னா?"

அவன் சொன்னான்.

"கண்ணாடி பூரா ஒரே பிசுக்கு. கழட்டு, தொடைச்சுத் தரேன்."